கத்திரி படாத நாவல்

பாலகுமாரனை விமர்சகர்கள் மாத நாவல்காரர் என்று ஒதுக்கினார்கள். வாசகர்கள் பலர் குருவாகவே கும்பிட்டார்கள். அவருடைய பலமும் பலவீனமும் வசனத்தில்தான் இருந்தன என்று எனக்குப் படுகிறது.

1946இல் திருக்காட்டுப்பள்ளி பக்கம் பழமார்நேரியில் பிறந்தவர். சென்னையில் டிராக்டர் கம்பெனி உத்தியோகம், பத்திரிகைக் கதைகள், அப்புறம் கே. பாலசந்தரிடம் உதவி இயக்குநர். வேலைநிறுத்தத்தை வைத்து ‘மெர்க்குரிப் பூக்கள்’, லாரித் தொழிலை வைத்து ‘இரும்புக் குதிரைகள்’ எழுதியபோது, உழைக்கிற இடத்துப் பேச்சு அதன் சூடு ஆறாமல் காகிதத்துக்கு வந்தது.

அந்தக் காதுதான் சினிமாவுக்கும் உதவியது. அவர் வசனம் எழுதிய ‘நாயகன்’ (1987) படத்தின் முடிவில், தாத்தா நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கிறான். வேலு நாயக்கர் தெரியவில்லை என்கிறார், அவ்வளவுதான். நாவலாக இருந்தால் பாலகுமாரன் அங்கே தர்மம் பற்றி மூன்று பக்கம் எழுதியிருப்பார். படத்தில் வெட்டுவதற்கு இயக்குநர் மணிரத்னம் இருந்தார், கமலின் முகம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. ‘குணா’, ‘பாட்ஷா’ என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத படங்களுக்கும் அவர் பேனா வளைந்து கொடுத்தது.

மாத நாவலில் வெட்ட ஆளில்லை. கெடு நெருங்கும், பக்கம் நிரம்ப வேண்டும். போகப்போக மாமியார், மேனேஜர், சாமியார் எல்லோரும் ஆசிரியர் குரலிலேயே உபதேசிக்கிறார்கள். ஆனாலும் வீட்டில் யாரும் காது கொடுக்காத மனக்குறையை அவர் பேசினார் என்பதால்தான் பெண்கள் அவரை விரும்பிப் படித்தார்கள். அதை மட்டமாகப் பேச எனக்கு மனமில்லை.

ஆறு பாகமாக விரிந்த ‘உடையார்’ நாவல் அவரைச் சொந்த மண்ணுக்கே கொண்டுவந்தது. காக்கை விரட்டக்கூடக் கல் கிடைக்காத தஞ்சை வண்டல் பூமியில் ராஜராஜ சோழன் பெரிய கோயிலின் 216 அடி விமானத்தை எழுப்பினான். கல்கி தன் சோழர் கதையை உத்தம சோழன் முடிசூடியதோடு நிறுத்திக்கொண்டார். பாலகுமாரன் கோயில் வேலையையே கதையாக்கினார். கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், வீடு, ஆளுக்கு நூறு கலம் நெல் என்று பெரிய கோயில் கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்குக்கு ரத்தமும் கோபமும் கொடுத்தது அவருடைய சாதனை.

ராஜாவை எதிர்த்துப் பேசுகிறவர்களும் நாவலில் உண்டு. ஆனால் அவர்கள் வாயை மூடுவதற்குள் பதிலும் தயாராகிவிடுகிறது; பக்தி முந்திக்கொள்கிறது. சிவப்பு மையோடு ஒரு பதிப்பாசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ‘உடையார்’ நாலு பாகத்தில் முடிந்திருக்கும், அந்த எதிர்க்குரல்களும் பிழைத்திருக்கும்.