செய்தி விலக்கப்பட்ட உள்ளூர்மை: திருநெல்வேலித் தனியார் பண்பலை வானொலி குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

தனியார் பண்பலை வானொலிகளைக் குறித்துத் தமிழில் எழும் விமர்சனம் பெரிதும் அறிவிப்பாளர்களின் மொழிக்கலப்பைச் சுற்றியே அமைகிறது. அந்நிலையங்களின் இயல்பைத் தீர்மானித்தது மொழிக்கலப்பன்று, உரிம விதிகளில் அடங்கிய செய்தித் தடையே என்பதைத் திருநெல்வேலியை முன்வைத்து இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பண்பலை வானொலி, செய்தித் தடை, உள்ளூர்மை, வட்டார வழக்கு, திருநெல்வேலி

முன்னுரை

இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் அகில இந்திய வானொலியால் தொடங்கப்பட்டது. வான் அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் அளித்த தீர்ப்பும், 1999இல் வகுக்கப்பட்ட உரிமக் கொள்கையும் தனியாருக்கு வழி திறந்தன. முதற்கட்டத்தில் 40 நகரங்களுக்கு 108 அலைவரிசைகள் ஏலத்திற்கு வைக்கப்பட்டன. எனினும் 12 நகரங்களில் மட்டுமே நிலையங்கள் செயற்பட்டன. தமிழகத்திலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றவை சென்னை, கோயம்புத்தூர், திருநெல்வேலி ஆகிய மூன்றே. திருநெல்வேலியில் ஒலித்தது சூரியன் பண்பலை.

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பைக் கேட்டுப் பழகிய நிலப்பகுதி இது. 1963 முதல் அகில இந்திய வானொலியின் நிலையமும் இந்நகரில் உண்டு. எனவே வணிக வானொலியைக் கேட்பது இங்குப் புதிதன்று. தம் ஊரிலிருந்தே, தம் ஊரைப் பற்றியே பேசும் வணிக வானொலி என்பதே புதிது. அந்த வாக்குறுதி எவ்வளவு நிறைவேறியது என்பதே நம் வினா.

உரிமமும் உள்ளடக்கமும்

முதற்கட்ட உரிமக் கட்டணம் ஆண்டுதோறும் 15 விழுக்காடு உயரும் வகையில் அமைந்திருந்தது. அச்சுமையைத் தாங்க இயலாது என நிறுவனங்கள் முறையிட்டன. 2005ஆம் ஆண்டின் இரண்டாம் கட்டக் கொள்கை, மொத்த வருவாயில் 4 விழுக்காடு என்னும் பங்கீட்டு முறைக்கு மாறியது. பொருளியல் விதி இவ்வாறு திருத்தப்பட்டபோதும் செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் கூடாது என்னும் விதி தொடர்ந்தது.

2011ஆம் ஆண்டின் மூன்றாம் கட்டக் கொள்கை, எவை செய்தி ஆகா எனப் பட்டியலிட்டது. போக்குவரத்து, வானிலை, பண்பாட்டு விழாக்கள், தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு, உள்ளாட்சி நிர்வாகம் வழங்கும் மின்சார, குடிநீர் அறிவிப்புகள் ஆகியன அதில் அடங்கும். இப்பட்டியலைத் தாமிரபரணிக் கரையில் வைத்து வாசித்தால் அதன் பொருள் தெளிவாகும். நாளை குடிநீர் வராது என்று நிலையம் அறிவிக்கலாம். ஏன் வராது என்று விவாதிக்கப் புகுந்தால் அது நடப்பு நிகழ்வாகிவிடும். நேயர் இங்கு அறிவிப்பைப் பெறுபவராக ஏற்கப்படுகிறார். வினவும் குடிமகனாக ஏற்கப்படவில்லை.

வட்டார வழக்கின் இடமும் இதனால் சுருங்குகிறது. ஊர்ப்பேச்சு நகைச்சுவைக்கும் விளம்பரத்திற்கும் பயன்படலாம். ஊர்வழக்கைப் பேசுவதற்கு, அதாவது ஊரின் சிக்கலைப் பேசுவதற்கு, அது பயன்பட இயலாது. மொழிக்கலப்பை மட்டும் சாடும் விமர்சனம் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகிறது. முழுத் தூய தமிழில் பேசியிருப்பினும் இந்நிலையங்கள் இதே அளவுக்கே உள்ளூர்த்தன்மை பெற்றிருக்கும்.

2018 மே: ஒரு சோதனை

தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவையை நிறுத்த அரசு ஆணையிட்டது. செய்தியறிய மக்கள் பெரிதும் தவித்திருக்கக்கூடிய அந்நாள்களில், கைப்பேசியிலேயே கேட்கத்தக்க உள்ளூர் ஒலிபரப்புக்குச் செய்தி சொல்லும் உரிமை சட்டப்படி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி மறு ஒலிபரப்புச் செய்யும் ஏற்பாடும் 2019 ஜனவரியில்தான் தொடங்கப்பட்டது. அதுவும் ஊரின் செய்தியை ஊரிலேயே திரட்டும் உரிமையன்று.

எதிர்வாதங்கள்

ஒரே நிறுவனக் குழுமம் நாளிதழில் அச்சிடும் செய்தியைத் தன் பண்பலையில் வாசிக்க இயலாமைக்குத் தொழில்நுட்பம் காரணமாகாது. இலங்கையின் தனியார் தமிழ்ப் பண்பலைகளான சக்தியும் சூரியனும் செய்தியறிக்கைகளை ஒலிபரப்புவது இதற்குச் சான்று.

தடை நீங்கினாலும் செய்தியாளர்களை அமர்த்தும் செலவை நிறுவனங்கள் ஏற்குமா என்னும் ஐயம் நியாயமானதே. திரைப்பாடல் மலிவானது, விளம்பரதாரருக்கும் உவப்பானது. எனினும் வணிகம் விரும்பாது என்பது ஊகம். விதி அனுமதிக்கவில்லை என்பது உண்மை. ஊகத்தைக் கொண்டு உண்மையை நியாயப்படுத்தலாகாது.

முடிவுரை

மணிக்குப் பத்து நிமிடம் செய்தி ஒலிபரப்பத் தனியார் பண்பலைகளை அனுமதிக்கலாம் எனத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. அப்பரிந்துரையை ஊடக நிறுவனங்களின் கோரிக்கையாக மட்டும் காண்பது போதாது. நேயரின் அறியும் உரிமை சார்ந்ததாகவும் அது காணப்பட வேண்டும். பண்பலை குறித்த இனிவரும் தமிழ் ஆய்வுகள் ஒலித்த சொற்களின் தூய்மையை அளப்பதோடு, ஒலிக்க விடப்படாத பொருள்களையும் கணக்கிலெடுத்தல் வேண்டும்.