முத்தும் மெய்நிகர் உலகும்

இணையவழி மெய்நிகர் உலகங்களைப் பற்றிய விவாதத்தில் இரு சாராரைக் காண்கிறோம். உலகை அமைப்பவரே அதில் நிகழ்வன அனைத்தையும் வகுத்துத் தரவேண்டும் என்பர் ஒரு சாரார். படைக்கும் உரிமையைப் புகுவோரிடமே விட்டுவிட வேண்டும் என்பர் மற்றொரு சாரார். 2004இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ முன்னதற்கும், 2003இல் தோன்றிய ‘செகண்ட் லைஃப்’ பின்னதற்கும் சான்றாகும். முன்னதில் பயணமும் பகைவரும் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. பின்னதில் வீடும் வீதியும் ஆலயமும் அங்கு உலவுவோரே கட்டியவை. திட்டமா, சுதந்தரமா என்னும் இக்கேள்வி போதுமானதாக நமக்குத் தோன்றவில்லை.

தூத்துக்குடிக் கடற்கரை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. அங்கு பெரிய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதே ஊரில் சிப்பிக்குள் முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டனர். ஓட்டிலிருந்து கடைந்தெடுத்த சிறு மணியையும், வேறொரு சிப்பியின் மேலுறைத் திசுத் துணுக்கையும் உயிருள்ள சிப்பிக்குள் வைக்கின்றனர். மனிதன் செய்வது அவ்வளவே. மணியின்மேல் படலம் படலமாக ஒளியைப் படியவைப்பது சிப்பி. சில சிப்பிகள் மணியை வெளியே தள்ளிவிடும், சில மடியும். திட்டம் இங்கு உண்டு. ஆயினும் மறுக்கவல்ல ஓர் உயிரின்முன் அது காத்து நிற்கிறது. ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்திலும் இதனையே காண்கிறோம். தோட்டத்தை வகுத்து எல்லையிட்ட கர்த்தர், உயிரினங்களுக்கு ஆதாம் என்ன பெயரிடுவான் என்று பார்க்கக் காத்திருக்கிறார்.

இவ்வளவுகோல் கொண்டு நம் மாநிலத்து நிகழ்ச்சி ஒன்றை நோக்குவோம். 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிவலிங்கபுரத்தில் மணமுடித்த தம்பதியர், மெய்நிகர் உலகில் வரவேற்பு நடத்தினர். பெருந்தொற்றுக் காலத்தில் வர இயலாதோர் தத்தம் இல்லங்களிலிருந்தே கலந்துகொண்டது பாராட்டத்தக்கதே. ஹாரி பாட்டர் கதையின் கோட்டையே மண்டபமாயிற்று. அங்கே, காலமாகியிருந்த மணமகளின் தந்தையுடைய உருவம் தோன்றி ஆசி வழங்கிற்று. மகளின் ஏக்கத்தை நாம் இகழோம். ஆயினும் அவ்வுருவத்துக்கு மறுக்க வழியில்லை. தந்தை தாமே மனமுவந்து தருவதாலன்றோ ஆசி ஆசியாகிறது? மற்றவருடைய மறுமொழியையும் திட்டமே பேசிவிடும்போது காட்சி நிற்கிறது, உறவு நிற்பதில்லை.

படைப்புச் சுதந்தரத்தைப் போற்றுவோரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘ஆல்ட்ஸ்பேஸ்விஆர்’ உலகில் பலர் தம் விருப்பம்போல் கூடங்கள் அமைத்தனர். கிறிஸ்தவர்கள் அங்கு கூடி ஆராதித்தும் வந்தனர். 2023 மார்ச்சில் நிறுவனம் அவ்வுலகை மூடிற்று. கட்டும் உரிமை கட்டியவர்களிடம் இருந்தது. கதவின் திறவுகோலோ வேறொருவர் கையில் இருந்தது.

ஆகவே, இவ்வுலகங்களில் இடம் தேடும் திருச்சபைகள் இரு கேள்விகளைக் கேட்பது நலம். புகுவோர் மறுக்கவும் மாற்றவும் அங்கு இடமுண்டோ? அவர்கள் கட்டியது அவர்களிடமே நிலைக்குமோ? இக்கேள்விகளுக்கு நம் ஆலயங்களும் விலக்கல்ல. சபையார் சொல்லவேண்டிய மறுமொழியை அச்சிட்டுத் தரும் நாம், அவர்களாகவே சொல்ல விரும்பும் மறுமொழிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்?