33க்கு ஒரு கணக்கு, 29க்கு ஒரு கணக்கு

ஓசூரில் உட்கார்ந்து வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவனுக்குக் கிடைக்கும் சுகம் வேறெந்த ஊர்க்காரனுக்கும் கிடைக்காது. அடித்துச் சொல்வேன். டிசைன் பேட்டர்ன் (புரோகிராமில் திரும்பத் திரும்ப வரும் சிக்கலுக்கான தீர்வு வடிவம்) என்று கட்டம் கட்டமாகப் படம் போட்டு விளக்குவார்களே, அதெல்லாம் இங்கே ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே தினமும் லாரியேறிப் போய்வருகிறது.

மூக்கண்டப்பள்ளி, பேடரப்பள்ளி பக்கம் நாலைந்து சிஎன்சி மெஷின் போட்டு, பெரிய வண்டிக் கம்பெனிகளுக்குப் பாகம் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள்தான் என் வாடிக்கையாளர்கள். பில், டெலிவரி சலான், ஜாப் ஒர்க் கணக்கு, இவ்வளவுதான் கேட்பார்கள். கேட்க எளிது. எழுத உட்கார்ந்தால்தான் மாநில எல்லை குறுக்கே வரும்.

ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 33 தமிழ்நாடு, 29 கர்நாடகா. அடுத்த தெருவுக்குப் போகும் பாகத்துக்கு 18 சதவீதம் என்றால் அதை 9, 9 என்று மத்திய, மாநில வரிகளாக, அதாவது சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியாகப் பிரிக்க வேண்டும். அதே பாகம் சில கிலோமீட்டர் தள்ளி கர்நாடகத்துப் பொம்மசந்திராவில் போய் இறங்கினால் 18 சதவீதமும் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரி. இதை ‘இஃப்... எல்ஸ்’ என்று பில் திரையில் எழுதினால் கிரெடிட் நோட்டில் மறுபடி எழுத வேண்டும், பிரிண்டில் மறுபடி, ரிட்டர்னில் மறுபடி.

இங்கேதான் ஸ்ட்ராட்டஜி பேட்டர்ன் வந்து நிற்கிறது. என்ன அழகு! ஒவ்வொரு வரி விதிக்கும் தனியாக ஒரு கிளாஸ். பில் செய்வது ஒன்றே ஒன்றுதான்: “வரி எவ்வளவு?” என்று கேட்கும். பதில் சொல்வது யார் என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பிறகு ஒரு பட்டறைக்குச் சிறப்புப் பொருளாதார மண்டலத்திலிருந்து ஆர்டர் வந்தது. அந்த யூனிட் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருந்தாலும் சட்டப்படி அது மாநிலம் தாண்டிய விற்பனைதான். மூன்றாவதாக ஒரு கிளாஸ் சேர்த்தேன். பழைய கோடில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. அந்தச் சந்தோஷத்தை எழுதினவனுக்குத்தான் தெரியும்! 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோதும் அப்படித்தான். ரேட் டேபிளில் புது விகிதத்தையும் தேதியையும் சேர்த்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

இதை ஒரு பட்டறை முதலாளியிடம் வியந்து வியந்து விளக்கினேன். அவர் அசரவே இல்லை. “இது பாகத்தைப் பிடிச்சு வைக்கிற பிக்ஸ்ச்சர் தானே தம்பி? ஒரு தடவை ஒழுங்கா அடிச்சு வெச்சுட்டா, மெஷின்ல யார் நின்னாலும் ஓட்டை அதே இடத்துல விழும்” என்றார். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஸ்டேட் பேட்டர்னுக்கும் இங்கே வேலை நிறைய. முலாம் பூசவோ ஹீட் டிரீட்மென்ட்டுக்கோ சலான் போட்டு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். தவறினால், அனுப்பிய அன்றே விற்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எனவே ஒவ்வொரு சலானும் ஏதோ ஒரு நிலையில் இருக்கும்: போயிருக்கிறது, பாதி வந்தது, முழுதும் வந்தது, கெடு தாண்டியது. என்ன செய்யலாம், என்ன கூடாது என்பதை அந்தந்த நிலையே சொல்லிவிடும். முடிந்த சலானில் ‘வரவு’ பட்டனே தெரியாது. ஜாப் ஒர்க் சரக்கு எல்லை தாண்டினால், மதிப்பு 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்தாலும் இ-வே பில் வேண்டும் என்பதும் அங்கேயே அடங்கிவிடும்.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் அடாப்டர் பேட்டர்ன். சீசனில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். ஒரு எடைமேடைக் கருவி எடையை ஒரு மாதிரி அனுப்பும், இன்னொன்று வேறு மாதிரி. கருவிக்கு ஒரு அடாப்டர் எழுதிவிட்டால் மற்ற புரோகிராமுக்குக் கிலோ மட்டும்தான் தெரியும்.

இப்படி 23 பேட்டர்ன்களை 1994இல் தொகுத்தவர்கள் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் என்ற நால்வர். யோசனையின் வேர் கட்டடக் கலையில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1977இல் சக ஆசிரியர்களோடு சேர்ந்து வீடு, தெரு, ஊர் எல்லாவற்றுக்குமாக 253 பேட்டர்ன்களை எழுதினார். அவர் அதற்கு முன்பே குஜராத்தில் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்தவர். 1964இல் வந்த அவர் புத்தகத்தில் இந்தியக் கிராமம் ஒன்றின் 141 தேவைகள் பட்டியலாகவே இருக்கின்றன. நம் நாட்டுக் கிராமத்துக்கும் இதில் பங்குண்டு என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை!

எல்லாமே தங்கம் என்று சொல்ல மாட்டேன். புரோகிராம் முழுதுக்கும் ஒரே ஒரு ஆப்ஜெக்ட்டைப் பொதுவாக வைக்கும் சிங்கிள்டன் எனக்குப் பிடிக்காது; எங்கிருந்து யார் எதை மாற்றினார்கள் என்றே தெரியாமல் போய்விடும். இரண்டே திரை உள்ள புரோகிராமுக்குப் பத்து பேட்டர்ன் போடுவதும் வெட்டி வேலை.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் படிக்கிற தம்பி தங்கைகளே, 23ஐயும் மனப்பாடம் செய்யாதீர்கள். பக்கத்துப் பட்டறைக்குப் போய் ஒரு பில் புரோகிராம் எழுதிக் கொடுங்கள். ஸ்ட்ராட்டஜியிலிருந்து தொடங்குங்கள்.