ஆன் ரணசிங்க: விசுவமடுவில் ஒரு வாசிப்பு

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் உள்ள விசுவமடுவில் ஒரு நண்பரின் வீட்டு முற்றம். ஆன் ரணசிங்கவின் ஆங்கிலக் கவிதைகள் சிலவற்றை நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அயலவர்கள் சிலரும் வந்திருந்தனர். ‘ஹோலோகோஸ்ட் 1944’ கவிதை முடிந்ததும், 2009 இல் மகனைத் தவறவிட்ட ஒரு தாய் கேட்டார்: “சேர், அந்த அம்மா பிறகு என்னெண்டு சீவிச்சவ?”

படிமம், மொழிநடை என்று பேச ஆயத்தமாகப் போயிருந்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை. இக்கட்டுரை அந்த விடையைத் தேடும் முயற்சியே.

ஆன் 1925 இல் ஜேர்மனியின் எஸ்ஸன் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1938 நவம்பரில் அந்நகரின் யூத ஆலயம் எரிக்கப்பட்டபோது அவருக்கு வயது 13. 1939 ஜனவரியில் பெற்றோர் அவரைத் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பினர். அதன்பின் அவர்களை அவர் காணவில்லை. போலந்தின் ஹெல்ம்னோவில் அவர்கள் நாஸிகளால் கொல்லப்பட்டார்கள் என்பதைப் பின்னரே அறிந்தார். லண்டனில் தாதியாகப் பயின்று, இலங்கை வைத்தியர் ஒருவரை மணந்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் கொழும்புக்கு வந்தார். கணவரின் மூத்த தாரத்துப் பிள்ளைகளையும் தன் பிள்ளைகளையும் வளர்த்தார். வந்து ஏறத்தாழ 20 ஆண்டுகளின் பின், 1971 இல்தான் முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. சர்வதேச மன்னிப்புச் சபையின் பணியிலும் பல ஆண்டுகள் இருந்தார். 2016 இல் கொழும்பில் காலமானார். கிறிஸ்தவரும் பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் வாழும் நாட்டில், ஆங்கிலத்தில் எழுதிய ஒரு யூதக் கவிஞராகவே வாழ்ந்து முடித்தார்.

‘ஹோலோகோஸ்ட் 1944’ தாயை விளித்து எழுதப்பட்டது. தாய் எந்த மண்ணில் கிடக்கிறாள் என்று மகளுக்குத் தெரியாது. அக்கவிதையின் துயரம் மரணத்தைவிட இந்த அறியாமையிலேயே தங்கியிருக்கிறது. விசுவமடுவில் இதை விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. 2009 ஜனவரியில் அவ்வூர்ச் சனம் உடையார்கட்டு, சுதந்திரபுரம் என்று கிழக்கே நகர்ந்து, கடைசியில் முள்ளிவாய்க்காலில் முடங்கியது. வழியில் அவசரமாகப் புதைத்த இடங்களுக்கு இன்று அடையாளம் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டமும் இந்த அறியாமைக்கு எதிரானதே. முஸ்லிம் வாசகருக்கும் இது அந்நியமல்ல. கொவிட் காலத்தில், 2020 இலிருந்து 2021 பெப்ரவரி வரை, நம் ஜனாஸாக்கள் வலிந்து எரிக்கப்பட்டபோது ஒரு கப்ரின் பெறுமதி என்னவென்று நாம் அறிந்தோம்.

எனினும் ஆனின் முக்கியத்துவம் இத்துயரத்தோடு முடிந்துவிடுவதில்லை. ‘ஜூலை 1983’ என்ற கவிதையை அதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும். கொலைகாரர்களும், அதைப் பார்த்து நின்றவர்களும் பிற்காலத்தில் எப்படி நிம்மதியாக உறங்கினார்கள் என்று நாஸிகளைப் பற்றி ஆன் நெடுங்காலம் யோசித்திருக்கிறார். இப்போது அதே நெருப்பு கொழும்பில் எரிகிறது. எரிபவை தமிழர்களின் வீடுகளும் கடைகளும். ஆனோ மணவுறவால் பெரும்பான்மைச் சமூகத்தைச் சேர்ந்தவர். ஒருகாலத்தில் துரத்தப்பட்ட அதே பெண், பாதிக்கப்பட்டோர் பக்கம் மட்டும் நின்றுகொள்ளவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டோரின் வரிசையிலும் தன்னை நிறுத்துகிறார். தன் பழைய காயத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ள அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அதை அவர் செய்யவில்லை.

இக்கவிதைக்கு ஒரு குறையும் உண்டு. அதன் மையம் பார்ப்பவரின் மனச்சாட்சி. எரிந்த வீட்டுக்காரர் ஒரு முகமாக, ஒரு குரலாக அதில் எழுந்து வருவதில்லை. கொழும்பின் ஆங்கில எழுத்துக்கு இருந்த பொதுவான எல்லை இது எனலாம். ஆயினும் அந்த எல்லைக்குள் நின்று அவர் எடுத்த நிலை நம்மில் பலர் எடுக்காதது.

இதைச் சொல்லும் நான் 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்றிலிருந்து துரத்தப்பட்டவன். அன்று விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அந்த அநீதியை நாம் எழுதினோம், இன்னும் எழுதுவோம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டதையும் எழுதினோம். அதே ஆகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கும் பங்கிருந்ததாகச் சாட்சியங்கள் உண்டு. நம் கவிதைகளில் வீரமுனை எத்தனை தடவை வந்திருக்கிறது? வன்னிப் போரைப் பதிந்த தமிழ் நூல்கள் பலவும் 1990 ஐச் சில வரிகளில் கடந்துவிடுகின்றன. விதிவிலக்கானோர் இரு தரப்பிலும் உண்டு. ஆனால் விதிவிலக்குகளால் ஓர் இலக்கிய மரபு உருவாகிவிடாது.

ஒரு யூதப் பெண்ணை இந்தப் பக்கங்களில் ஏன் பேச வேண்டும், காஸா 2023 ஒக்டோபர் முதல் பட்டது போதாதா என்று சில வாசகர்கள் கேட்கலாம். கேள்வியின் வலி புரிகிறது. ஆனால் யூதர் வேறு, இஸ்ரேல் அரசு வேறு. மேலும், ‘ஜூலை 1983’ தரும் அளவுகோல், தான் பட்ட பாட்டைச் சாட்டாக வைத்துப் பிறரை அழிக்கும் எவரையும் விட்டுவைக்காது. அந்த அரசை அளக்கவும் அது போதும். நம்மை அளக்கவும் அதுவே போதும்.

விசுவமடுத் தாய்க்கு அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: “பிள்ளைகளை வளத்தவ அம்மா. கனகாலம் கழிச்சு எழுதத் தொடங்கினவ. மற்றவையின்ர வீடு எரியேக்கையும் எழுதினவ.” அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நீங்கள் தண்ணீரூத்தில எவடம்?” என்று கேட்டார். வெளியேறியபின் இந்தப் பக்கத்துத் தமிழர் ஒருவர் அதை என்னிடம் விசாரித்தது அதுவே முதல் தடவை. சொல்லத் தொடங்கினேன். நண்பர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார்.