வாவிக்கு ஒரு பலகை, அலைக்கு ஒரு பலகை

பேடில் போர்டு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனி நல்லது என்றுதான். எந்தத் தண்ணீரில் ஓட்டப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரையே நம்பி வாங்கலாம். நின்றபடி துடுப்புப் போடும் இந்தப் பலகையில் கோவளத்துக்குப் பொருந்துவது மட்டக்களப்புக்குப் பொருந்தாது.

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் திறந்த கரை. கரையோரம் மடிகிற அலைகளைத் தாண்டினால்தான் கடல். கட்டுமரக்காரர்கள் காலங்காலமாக அலையின் வரிசையைப் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் தள்ளிப் போவார்கள். மீனவரான மூர்த்தி மேகவன் சர்ஃபிங் பள்ளி தொடங்கியதும் இந்த ஊரில்தான். இங்கே முதல் பலகை வாங்குகிறவர் உள்ளே நுரையும் வெளியே எபாக்ஸியும் கொண்ட கெட்டிப் பலகையை எடுப்பதே நல்லது. பத்து, பத்தரை அடி நீளமும் 32 அங்குல அகலமும் போதும். காற்றடைத்த பலகையின் விளிம்பு உருண்டையாக இருப்பதால் அலையின் சரிவில் பிடிமானம் கிடைக்காது. அலைமேல் சறுக்கவே விரும்புகிறவர்களுக்கு எட்டு, ஒன்பது அடியில் மூக்கு தூக்கிய பலகைகள் உண்டு. ஆனால் நிற்கப் பழகாதவருக்கு அவை ஆகாது. முட்டுக்காட்டு உப்பங்கழியில் அகலப் பலகையில் கால் நின்ற பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. கல்லடிப் பாலத்தடியில் விடியற்காலையில் அலையே இருக்காது. கோவளத்துப் பலகையை அங்கே இறக்கினால், ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கு ஒரு பக்கம் திரும்பும். இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போட்டே தோள் சலித்துவிடும். வாவிக்கு வேண்டியது டூரிங் பலகை: பதினொன்றரை முதல் பன்னிரண்டரை அடி நீளம், கூரான மூக்கு, 30 அங்குலத்தை ஒட்டிய அகலம். ஒருமுறை வலித்தால் நேராக வழுக்கிக்கொண்டு போகும்; கண்டல் மரங்களை ஒட்டிப் போய்ப் பறவை பார்ப்பவர்களுக்கு அந்த ஓட்டம்தான் தேவை. போவதற்கு முன் அந்தப் பக்கம் முதலை உண்டா என்று தோணிக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வாவியில் நான் மிகவும் வற்புறுத்துவது அடித்துடுப்பை, அதாவது ஃபின்னை. பலகையோடு வருவது வழக்கமாக ஒன்பது அங்குலம். முழங்கால் ஆழத்தில் அது பாசியிலோ சேற்றிலோ சிக்கினால் பலகை நின்றுவிடும், மேலே நிற்பவர் நிற்கமாட்டார். அவர் தலைகுப்புற விழுவது ஆழமில்லாத தண்ணீரில்; காயம் அங்கேதான் படுகிறது. நாலைந்து அங்குலத்தில் வளைந்து கொடுக்கும் ஃபின் ஒன்றைப் பையில் வைத்திருப்பது பலகையின் விலையோடு பார்த்தால் சின்னச் செலவு.

இதை வைத்து, இந்தியாவுக்கு அலைப் பலகை, இலங்கைக்கு வாவிப் பலகை என்று பிரித்துவிட முடியாது. மட்டக்களப்பிலிருந்து அதே கரையில் தெற்கே போனால் அறுகம்குடா. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உலகத்துச் சர்ஃபர்கள் கூடும் இடம். அங்கே கோவளத்துக் கணக்குத்தான். இந்தப் பக்கம் இராமேசுவரத்தில் ஒரே தீவுக்கு இரண்டு கடல். கச்சான் வீசும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்க, வடக்கே பாக் விரிகுடா அடங்கிக் கிடக்கும். வாடையில் இது தலைகீழாகும். பருவம் பார்த்துக் கரை மாறத் தெரிந்தவருக்கு அங்கே டூரிங் பலகை ஒன்றே ஆண்டு முழுக்கப் போதும்.

காற்றைக் கணக்கில் எடுக்காமல் பலகை வாங்குவதுதான் இரு கரையிலும் நடக்கிற பெரிய பிழை. நிற்கிற மனிதன் ஒரு பாய். கற்பிட்டியில் பட்டப்பலகைக்காரர்கள் காத்திருந்து கொண்டாடும் தென்மேற்குக் காற்று, துடுப்புப் போடுகிறவரைக் கரைக்குத் திரும்ப விடாது. ஆறு அங்குலத் தடிப்புள்ள காற்றுப் பலகை தண்ணீருக்கு மேலே உயர்ந்து மிதப்பதால் இன்னும் எளிதில் அடித்துச் செல்லப்படும்.

அதற்காகக் காற்றுப் பலகையை ஒதுக்கச் சொல்லவில்லை. சுருட்டிப் பையில் போட்டு விமானத்தில் கொழும்புக்குக் கொண்டுபோகலாம். மாடி வீட்டில் கட்டிலுக்கடியில் வைக்கலாம். தயாரிப்பாளர் குறித்த அழுத்தம் வரை, பல பலகைகளில் 15 பிஎஸ்ஐ, கை வலித்தாலும் அடிக்க வேண்டும். குறைந்தால் நடுவில் தொய்யும். கரையேறியதும் நிழலில் போட்டுக் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். நம் வெயிலில் உள்ளே காற்று விரிந்து ஒட்டுப் பிரியும்.

எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. உடம்பின் கிலோவைப் போல் இருமடங்கு லிட்டராவது பலகையின் கொள்ளளவு இருக்கட்டும். புதியவருக்கு அதற்கு மேலும் வேண்டும். தமிழ்நாட்டின் சேகர் பச்சை போன்ற பந்தய வீரர்கள் நிற்கும் ஒடுக்கமான நீளப் பலகையைப் பார்த்து ஆசைப்படலாம், முதல் பலகையாக வாங்கக் கூடாது.

காலில் கட்டும் கயிறும் இடத்துக்கு இடம் வேறு. அலையில் பலகை நீளத்துக்கு நேர்க்கயிறு. அசையாத வாவியில் சுருள் கயிறு. அது தண்ணீரில் இழுபடாது. முகத்துவாரம் போல நீரோட்டம் இழுக்கும் இடத்திலும், வலைக்கம்புகள் நட்டிருக்கும் களப்பிலும் கயிறு கணுக்காலில் இருக்கவே கூடாது. கம்பில் சிக்கினால் நீரோட்டத்தின் அழுத்தத்தில் குனிந்து அவிழ்க்க முடியாது. ஒரே இழுப்பில் கழன்றுவிடும் இடுப்புப்பட்டியில் மாட்டி, உயிர்காப்பு அங்கியும் போட்டுக்கொண்டுதான் அங்கே இறங்க வேண்டும்.