ரெண்டு கேபிள், ஒரே வேகம்: பாண்டிங் ஆவணம் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

சிங்கப்பெருமாள் கோவில்–ஒரகடம் ரோட்டில் உள்ள ஆலைகளின் சர்வர் அறைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம்: "ரெண்டு கேபிள் போட்டு பாண்டிங் பண்ணிட்டோம் சார், இனி ரெண்டு ஜிகாபிட்." இது பாதி உண்மை. மீதிப் பாதி பேக்கப் ஓடுற ராத்திரியில்தான் தெரியவரும்.

இதற்காகவே லினக்ஸ் கர்னலோடு வரும் பாண்டிங் ஆவணத்தை மறுபடி முழுசாகப் படித்தேன். டொனால்ட் பெக்கர் பியோவுல்ஃப் கிளஸ்டர்களுக்காக எழுதிய பேட்ச்களில் தொடங்கிய டிரைவர் இது. ஆவணம் நேர்மையானது. 802.3ஏடி முறையில் ஒரு தனி இணைப்பு ஒரு கேபிளின் வேகத்தைத் தாண்டாது என்பதை அது மறைக்கவில்லை.

ஒரகடத்திலிருந்து சென்னைக்கு ஜிஎஸ்டி ரோடு வழியாகவும் போகலாம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகவும் போகலாம். நூறு லாரி இருந்தால் ரெண்டு ரோடும் பயன்படும். ஒரே ஒரு கண்டெய்னர் லாரியை ரெண்டாகப் பிளந்து அனுப்ப முடியுமா? பேலன்ஸ்-ஆர்ஆர் முறை அப்படித்தான் பிளக்கிறது. ஆனால் பாக்கெட்டுகள் வரிசை மாறிப் போய்ச் சேரும். தொலைந்துவிட்டதென்று நினைத்து டிசிபி மறுபடி அனுப்பும், வேகத்தையும் குறைக்கும்.

கணக்கு எளிது. ஒரு ஜிகாபிட் கேபிளில் நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் போகும். ஒரு டெராபைட் பேக்கப்புக்கு ரெண்டரை மணி நேரம். ஒரே இணைப்பில் காப்பி செய்தால் ரெண்டாவது கேபிள் போட்ட பிறகும் அதே ரெண்டரை மணி நேரம்தான்.

அப்புறம் என் குறை என்ன? ஏழு முறைகளையும் ஆவணம் மெனு கார்டு மாதிரி அடுக்குகிறது. ஸ்டோரேஜுக்கு எது பொருந்தும் என்று வழிகாட்டுவதில்லை. எதுவும் சொல்லாவிட்டால் கிடைப்பது பேலன்ஸ்-ஆர்ஆர். 802.3ஏடி போட்டாலும் இயல்பான ஹாஷ் லேயர்2; ஒரு சர்வருக்கும் ஒரு ஸ்டோரேஜுக்கும் இடையே எல்லாம் ஒரே கேபிளில் போய்விடும். ஐஸ்கஸி என்றால் பாண்டிங்கை விட மல்டிபாத் நல்லது: ரெண்டு பாதையும் தனித்தனி இணைப்பு என்பதால் ரெண்டிலும் சுமை ஏறும். ஆவணத்தை மட்டும் படிப்பவருக்கு இது புலப்படாது.

ஃபெயில்ஓவரில் தப்பு நம்முடையது. ஒரு கேபிளைப் பிடுங்கி, பிங் ஓடுதா என்று பார்த்துவிட்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். எம்ஐஐ கண்காணிப்பு பார்ப்பது கார்டுக்கும் சுவிட்சுக்கும் நடுவே உள்ள லிங்க்கை மட்டுமே. சுவிட்சின் மேல் இணைப்பு செத்தால் அதற்குத் தெரியாது. ரெண்டு கேபிளும் ஒரே சுவிட்சில் செருகியிருந்தால் அந்த சுவிட்ச் போனதும் எல்லாமே போச்சு.

2008 ஜனவரி 30-ல் அலெக்சாண்ட்ரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற ரெண்டு கடலடி கேபிள்களும் அறுந்து இந்தியாவில் இணையம் தள்ளாடியது. பெயர் ரெண்டு, உரிமையாளர்கள் வேறு. போன கடல் ஒன்று. சென்னையில் கரையேறும் கேபிளும் அதில் சேர்த்தி.

ஆகவே அடுத்த முறை கையெழுத்துப் போடும் முன் ரெண்டு வேலை செய்யுங்கள். ஒரு பெரிய ஃபைலை காப்பி பண்ணி, ரெண்டு கார்டிலும் பைட் எண்ணிக்கை ஏறுதா என்று பாருங்கள். பிறகு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சுவிட்சின் மின்சாரத்தை அணையுங்கள். ஷிஃப்ட் நடுவில் லைன் நின்ற பிறகு தெரிந்துகொள்வதை விட இது மலிவு.