எது பேய், எது வழக்கம்?

கத்தோலிக்கத் திருச்சபையையும் சூனியத்தையும் சேர்த்துப் பேசினால், எரிக்கப்பட்ட பெண்களே முதலில் நினைவுக்கு வருகிறார்கள். வர வேண்டியவர்கள்தான். 15-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் சூனியக்காரர்கள் என்று பட்டம் சூட்டிக் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். ஆனால் இதற்குள் இரண்டு வழக்குகள் கலந்து கிடக்கின்றன. ஏவல், குறி, வசியம் என்று மறைசக்தியைக் கைவசப்படுத்தப் பார்ப்பது ஒன்று. வேறொரு மக்கள் தங்கள் தெய்வத்தைத் தங்கள் முறைப்படி வணங்குவது இன்னொன்று. திருச்சபை நெடுங்காலம் இரண்டையும் அஞ்ஞானம், பேயின் வேலை என்றே ஒன்றாக வைத்துப் பார்த்தது. முதல் வழக்கில் அதன் நிலை, பெயர் கெட்ட அளவுக்கு மோசமானதல்ல. இரண்டாவதில்தான் அது ஆழமாகச் சறுக்கியது.

முதல் வழக்கை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 906-இல் தொகுக்கப்பட்ட ஒரு திருச்சபை விதி, பெண்கள் இரவில் டயானா தேவதையோடு பறப்பதாகச் சொல்வது வெறும் மனமயக்கம் என்று அறிவித்தது. அந்த இரவுப் பறத்தலை நம்புவதே தவறு என்ற பார்வை அது. இந்த நிதானம் நிலைக்கவில்லை. 1484-இல் பாப்பரசர் எட்டாம் இன்னசென்ட் ஜெர்மன் நிலங்களில் சூனிய விசாரணைக்கு அதிகாரம் கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஹைன்ரிக் கிராமர் என்ற தொமினிக்கன் துறவி எழுதிய கையேடு அச்சாகிப் பரவியது. ஆயர்களே அரசர்களாகவும் இருந்த வூர்ஸ்பர்க்கிலும் பாம்பெர்க்கிலும் 1620-களில் நடந்தது கூட்டக் கொலை. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

ஆனால் அதே திருச்சபையின் ஸ்பானிய விசாரணை மன்றத்தில்தான் அலோன்சோ தெ சலசார் ஃப்ரியாஸ் இருந்தார். 1610-இல் லோக்ரோஞோவில் ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டபோது அவரும் அந்த மன்றத்தின் நீதிபதிகளில் ஒருவர். மறு ஆண்டு பாஸ்க் மலையூர்களுக்கு நேரில் போனார். 1,802 பேர் அவர் முன் வந்து பேசினார்கள். அவர்களில் 1,384 பேர் சிறுபிள்ளைகள். சூனியக் களிம்பு, பொடி என்று ஒப்படைக்கப்பட்டவற்றை மருந்தாளர்களைக் கொண்டும் விலங்குகளுக்குக் கொடுத்தும் சோதித்தார். எதிலும் ஒன்றுமில்லை. பேச்சும் எழுத்தும் கிளம்புவதற்கு முன் அந்த ஊர்களில் சூனியமும் இல்லை, சூனியம் வைக்கப்பட்டவரும் இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். 1614-இல் மேல்மன்றம் அவர் வழியை ஏற்றுக் கடுமையான சாட்சிய விதிகளை வகுத்தது. அதன்பின் அந்த மன்றத்தின் கீழ் சூனியத்துக்காக எரிப்பது ஏறக்குறைய நின்றே போனது. கல்வினிய ஸ்காட்லாந்திலோ 1563-இலிருந்து 1736 வரை 3,800-க்கும் மேற்பட்டோர் குற்றம் சாட்டப்பட்டார்கள். வதைத்து வாங்கும் வாக்குமூலம் எதையும் நிரூபிக்காது என்று 1631-இல் நூல் எழுதிய ஃப்ரீட்ரிக் ஷ்பேயும் ஓர் இயேசு சபைத் துறவியே.

பிற சமயங்களை இதனோடு வைத்துப் பார்ப்பது நியாயம். யூத மரபில் 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் இன்னும் தெளிவாகப் பேசினார்: மாந்திரீகம் பாவம் மட்டுமல்ல, பொய்யும்கூட. பௌத்தத்தின் பிரம்மஜால சுத்தம் என்ற நூல் குறிசொல்லி வயிறு வளர்ப்பதைத் துறவிகளுக்குத் தகாத தொழில் என்று தள்ளுகிறது. இஸ்லாம் சூனியம் உண்மை என்று ஏற்றுக்கொண்டு அதைத் தடை செய்கிறது. சவூதி அரேபியாவில் 2011-இலும் அதற்காக ஒரு பெண்ணின் தலை வெட்டப்பட்டது. இந்து மரபுகளில் மாந்திரீகத்துக்கு இடமும் உண்டு, கண்டனமும் உண்டு. தடுக்க ஒரு மையம் இல்லை. அந்தப் பொறுப்பு சட்டத்தின் தலையில் விழுந்தது. சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களை அடிப்பதற்கு எதிராக ஜார்க்கண்டில் 2001-இல் சட்டம் வந்தது. மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கர் 2013-இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மாந்திரீக எதிர்ப்புச் சட்டம் பிறந்தது.

திருச்சபை இன்றும் பேய் உண்டு என்றே நம்புகிறது. ஆனால் ஆயரின் அனுமதியின்றி எந்தக் குருவும் முறையான பேயோட்டும் சடங்கு நடத்த முடியாது. நோயா என்று முதலில் பார்த்தாக வேண்டும் என்கிறது அதன் மறைக்கல்வி நூல். புளியம்பட்டி அந்தோணியார் கோயில் போன்ற இடங்களில் குடும்பங்கள் தங்கி வேண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும். நம்பிக்கைக்கு நடைமுறை ஒரு கடிவாளம் போடுகிறது. இது சிறிய விஷயமல்ல.

இனி இரண்டாவது வழக்கு. 601-இல் பாப்பரசர் முதலாம் கிரகோரி, ஆங்கிலேயரின் கோயில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்துப் பயன்படுத்துங்கள் என்று எழுதினார். அதற்குச் சற்று முன்புதான் அந்நாட்டு மன்னருக்குக் கோயில்களை இடிக்கச் சொல்லியிருந்தார். இந்த ஊசலாட்டம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்தது. 1562-இல் மெக்சிகோவில் யுக்கதானின் மானி நகரில் தியேகோ தெ லாந்தா என்ற துறவி மாயா மக்களின் ஏடுகளைத் தீயிலிட்டார். ஒரு நாகரிகத்தின் எழுத்து அனேகமாக முழுவதும் போயிற்று. தீயிடும் முன் இங்கே யாரும் சலசாரைப் போல ஆதாரத்தைச் சோதிக்கவில்லை.

நம் மண்ணில் நடந்தது இன்னும் சிக்கலானது. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலி காவி உடுத்து, மரக்கறி உண்டு, குடுமியும் பூணூலும் சந்தனமும் வழிபாடல்ல, சமூக வழக்கம் என்று வாதாடினார். 1623-இல் ரோம் ஏற்றது. 1704-இல் பாப்பரசரின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் இருந்தபடியே, மதுரை மிஷனின் உள்ளூர்களைப் பார்க்காமலே, பல வழக்கங்களைத் தடை செய்தார். பிள்ளையார் பொறித்த தாலி கூடாது. பெண்பிள்ளை பூப்படைந்ததைக் கொண்டாடக் கூடாது. ஆனால் அதே ஆணை, நோயுற்ற பறையர்களின் வீட்டுக்கே சென்று திருவருட்சாதனம் வழங்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. இதைச் சொல்லாமல் தூர்னோனைக் குறுகிய மனத்தினர் என்று மட்டும் எழுதுவது நேர்மையல்ல.

நோபிலியின் பெருமை பேசுவோர் தயங்கும் இடமும் இதுவே. குடுமியை வழக்கம் என்று அனுமதித்த அதே தர்க்கம் சாதியையும் வழக்கம் என்று உள்ளே விட்டது. 1744-இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் சடங்குகளின் மீதான தடையை இறுதியாக்கினார். பறையர்களுக்கோ தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாட்டை ஏற்றார். பொட்டு பேயின் வேலையாக விலக்கப்பட்டது. மனிதரைத் தள்ளி நிறுத்தும் முறைக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

பிற்காலத்தில் திருத்தங்கள் வந்தன. சீனரின் முன்னோர் வணக்கம் 1939-இல் அனுமதிக்கப்பட்டது. 1965-இல் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உண்மையாகவும் தூயதாகவும் இருப்பதைத் திருச்சபை மறுப்பதில்லை என்றது. 2019-இல் அமேசான் ஆயர் மாமன்றத்தின்போது பச்சமாமா என்னும் பூமித்தாய் சிலைகளைச் சிலர் திருடி டைபர் ஆற்றில் எறிந்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் அதற்கு மன்னிப்புக் கேட்டார். ஊசலாட்டம் ஓய்ந்துவிடவில்லை.

மாந்திரீகத்தில் திருச்சபை ஆதாரம் கேட்ட போதெல்லாம் தன் காலத்து நீதிமன்றங்கள் பலவற்றைவிட மேலாக நடந்தது. பிறர் வழிபாட்டில், இந்த வழக்கம் யாரைத் துன்புறுத்துகிறது என்ற எளிய கேள்வியை அது கேட்கத் தவறியது. கேட்டிருந்தால் சந்தனம் அன்றே தப்பியிருக்கும், தீண்டாமை அன்றே தண்டிக்கப்பட்டிருக்கும். தமிழகத்தில் சில பங்குகளில் கல்லறைத் தோட்டம் இன்றும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. மந்திரித்த கயிற்றைக் கழற்றச் சொல்லும் நம் ஆயர்கள் அந்தக் கல்லறைச் சுவர்களை இடிக்கவும் ஆணையிட வேண்டும்.